ஆற்று மணலுக்கு ஏழு பவுண்டு காற்று

அக்கா,

இன்று காலை ஒரு டிராக்டர் சக்கரத்தில் காற்றை இறக்கினேன். பஞ்சர் கடைக்காரன் காற்று இறக்குவதில் என்னடா அதிசயம் என்று கேட்பாய். அதிசயம் ஒன்றுமில்லை. டியூபுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த காற்று வெளியே வரும்போது ஒரு நாற்றம் வருமே, ரப்பரும் பழைய தண்ணீரும் கலந்த அந்தப் புழுங்கல் நாற்றம், அதை நாற்பது வருஷமாகத் தினம் மோந்துகொண்டுதான் இருக்கிறேன். இன்று மட்டும் அதற்குப் பக்கத்தில் உட்கார முடியவில்லை. டிராக்டர்காரர் "என்னாங்க, பாதியில எழுந்து போறீங்க" என்று கூப்பிடக் கூப்பிட, கடைக்குப் பின்னால் உன் வண்டி நிற்கிற தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். உனக்கு முப்பதாம் நாள் பூசை நேற்றுத்தான் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

உன்னிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. நாற்பது வருஷம் மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, டயரைச் சுற்றிக்கொண்டுதான் வரும். பொறுமையாகக் கேள்.

உனக்கு வேலை உத்தரவு வந்தது ஒரு ஜூன் மாதம். எண்பதுகளில் மழை பொய்த்துப்போன வருஷம் அது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாய். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அப்புறம் கேட்கிற உரிமையே போய்விடும் என்ற நேரத்தில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் ஒருவர், அவருக்கு அடுத்து நீ. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். அம்மா அந்தக் காகிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். நீ அழவில்லை. "எத்தனை மைலுடா?" என்றுதான் கேட்டாய்.

கல்வி அலுவலகத்தில் உன் கால்களைப் பார்த்ததும் அங்கிருந்த அதிகாரியின் முகம் மாறியது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவள் நீ. கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு பத்தடி நடப்பாய், அதற்கு மேல் முடியாது. "ஆத்தைத் தாண்டித் தெனம் எப்படிம்மா வருவீங்க? தூக்கிட்டு வந்து எறக்கி விடற டீச்சரை வச்சிக்கிட்டு நாங்க என்னா பண்றது?" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். யார் துணையும் இல்லாமல் நீயாகவே வந்து சேர்ந்தாய் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு திரும்பிப் போகும்.

அந்த ஊரிலேயே உன்னைத் தங்க வைக்கலாம் என்று வீடு கேட்டுப் போனேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு, அதுவும் நடக்க முடியாதவளுக்கு, ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் தலையில்தான் விழும் என்று கைவிரித்துவிட்டார்கள். பாலம் வெகு தூரத்தில் இருந்தது, அங்கிருந்து அந்த ஊருக்கு வண்டிப் பாதையும் கிடையாது. ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை, கரைக்குக் கரை மணல்தான். அந்த மணல்தான் நமக்கு எமனாக வந்தது.

வண்டி என்னவோ இருந்தது. அரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய், ஒரு பழைய புல்லட்டின் பின்பக்கத்தை அறுத்து, அகலமான அச்சு வைத்து, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் சக்கரமே மாட்டி, உனக்காக மூன்று சக்கர வண்டியாக்கிக் கொடுத்திருந்தார். கியர், பிரேக் எல்லாம் கைக்கே வரும். உதைத்து ஸ்டார்ட் செய்வதற்குப் பதிலாக, கையால் இழுக்க ஒரு நீளக் கம்பி. நீ அதில் கடைத்தெருவுக்குப் போனால் பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும். தார் ரோட்டில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே வண்டி ஆற்று மணலில் இறங்கிய மறு நிமிஷம் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்து நின்றுவிட்டது.

பாய் வந்து பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். "சக்கரம் ஒல்லி, அதான் எறங்குது. கார் சக்கரம் மாட்டற மாதிரி நான் ஹப்பை மாத்தித் தரேன். டயரு உன் பொறுப்பு தம்பி. அதுல நீதான பெரிய ஆளு" என்றார். அக்கா, அந்த வார்த்தை என் தலைக்கேறிவிட்டது. பெரிய ஆள்! இன்றைக்கு நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் அதியமான்கோட்டைக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய டயர் விற்கிற கடையில் ஜீப் டயர் இரண்டு பிடித்தேன். சேற்றையும் கவ்வுகிற மாதிரி, டயரின் மேல்புறத்தில் கனமான ரப்பர் பட்டன். பட்டன் தேயாத டயர்தான் நல்ல டயர் என்பது எனக்கு வேதம். அதை வாங்கி மாட்டுவதற்குள் ஆறு நாள் போய்விட்டது. ஆற்றில் இறக்கினோம். நீ முறுக்கிய முறுக்கில் சக்கரம் இரண்டும் மணலை வாரி என் முகத்தில் அடித்துவிட்டு, தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டு கீழே போயின. கிணறு வெட்டுகிறவன்கூட அவ்வளவு வேகமாக வெட்டமாட்டான். டயரின் கனத்தை இழுக்க மாட்டாமல் எஞ்சின் வேறு முனகியது. "குருவி தலையில பனங்காயை வச்சிட்டியேடா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து அம்பாசடர் டயர். சேலத்தில் மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்தது, புதுசு மாதிரியே இருந்தது. முப்பது பவுண்டு காற்று ஏற்றினேன். டயர் என்றால் கல்லாக நிற்க வேண்டும், தட்டினால் சத்தம் வர வேண்டும் என்பது என் வேதத்தின் இரண்டாவது பாகம். கார் பாரத்துக்குச் செய்த டயர், உன் வண்டியோ அதில் கால்வாசி கனம்கூட இல்லை. தீர்த்தமலை ரோட்டில் அது குதித்த குதியில் இரண்டு தடவை சீட்டை விட்டு எழும்பி விழுந்தாய். ஆற்றில் பத்தடி போயிற்று, அப்புறம் உட்கார்ந்துவிட்டது. நான் டயரைத் திட்டினேன், மணலைத் திட்டினேன், பாயின் ஹப்பைத் திட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நீ முணுமுணுத்தது காதில் விழுந்தது. வேறு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பத்தாவது நாள். "உனக்காகத்தான கடையைச் சாத்திட்டு நாயா அலையறேன்!" என்று கத்திவிட்டேன். நீ வண்டியின் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். இந்த முப்பது நாளில் அந்த முகம் எத்தனை தடவை வந்து போயிருக்கிறது தெரியுமா? தப்பு என்னுடையது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

காரிமங்கலம் சந்தைக்கு நீயும் வருவேன் என்றாய். சந்தையின் மூலையில் தேய்ந்த டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள், செருப்புத் தைக்கிறவர்கள் அறுத்து எடுத்துப் போவதற்காக. நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நீ கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். ஒவ்வொரு டயரையும் மடிக்கு இழுத்து, அதன் பக்கவாட்டை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பார்த்தாய். வியாபாரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், என்னப்பா இது என்று. அரை மணி நேரம் கழித்து இரண்டு அம்பாசடர் டயரைத் தனியாக உருட்டி வைத்தாய். பேருக்குக்கூட பட்டன் இல்லை. வழித்து எடுத்த மொட்டை.

"இது செருப்புக்குத்தான்க்கா ஆகும்" என்றேன்.

"பக்கமெல்லாம் மெத்துனு இருக்குது பாரு. வெடிப்பு ஒண்ணும் இல்ல. இதுதான் வேணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. டயர்க்காரன் அக்கா மொட்டை டயரில் போகிறாள் என்று அரூரே சிரிக்குமே என்பதுதான் என் கவலை. வீட்டுக்கு வந்து மாட்டும்போது, "கொஞ்சமா ஊதுடா" என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டன்தான் இல்லை, காற்றாவது மரியாதையாக இருக்கட்டும் என்று மறுபடியும் முப்பது பவுண்டு ஏற்றினேன். காற்றுக் குறைவாக ஒரு வண்டியைக் கடையிலிருந்து அனுப்புவது எனக்கு அவ்வளவு கேவலம். உன் வாழ்க்கையை விட என் மானம் பெரிதாகத் தெரிந்தது, வேறென்ன சொல்ல.

பதினைந்தாவது நாள் உச்சிவேளையில், புறப்படுவதற்காக நீ தலை வாரிக்கொண்டிருந்தபோது, நான் கடைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். இதுதான் நான் மறைத்தது. "மதிப்பிற்குரிய ஐயா, என் உடல்நிலை காரணமாக இப்பணியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்" என்று உன் பெயரில் எழுதினேன். அவர்களாக 'இயலாது' என்று எழுதி அனுப்புவதை விட நாமே வேண்டாம் என்று சொல்வது கௌரவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது உன்னிடம் நீட்டுவதாக உத்தேசம். நீ நீலச் சேலை கட்டி, பூ வைத்து, கம்பியை இழுத்து வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தாய்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆற்றில் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நாம் சொல்லி அனுப்பியிருந்ததால் அக்கரையில் தலைமையாசிரியர் குடையுடன் வந்து நின்றிருந்தார், நல்ல மனிதர். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும், அதற்குள் பதிவேட்டில் உன் கையெழுத்து விழ வேண்டும். சரியாக ஆற்றின் நடுவில் வண்டி நின்றது. நான் பின்னால் தள்ளக் கை வைத்தேன், அவர் பார்ப்பது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன். அவர் அங்கிருந்தே, "நான் ஒண்ணும் பாக்கலைங்க, தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

தள்ளினேன். உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். சட்டையைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளினேன். சக்கரம் சட்டையையும் இழுத்து மணலுக்குள் செருகிக்கொண்டது. நீ வண்டியை அணைத்தாய்.

"இன்னைக்கி நீ தள்ளுவ. நாளைக்கி யார்றா தள்ளுவா?" என்றாய்.

 அந்தச் சுடுமணலில் உட்கார்ந்து அழுதேன், அக்கா. கல்யாணமான ஆம்பளை, பிள்ளை மாதிரி அழுதேன். "முடியலக்கா. வூட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

நீ சீட்டிலிருந்து நழுவி மணலில் இறங்கினாய். கட்டைகளை எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, அந்தக் கொதிக்கிற மணலில் என்னிடம் வந்தாய். சின்ன வயதில், கட்டை வாங்கித் தருவதற்கு முன்பு, நீ அப்படித்தான் தெருவில் போவாய். பெரியவளான பிறகு அப்படிப் போய் நான் பார்த்ததேயில்லை. என் எதிரில் வந்து முஷ்டியை மணலில் குத்தினாய். மணிக்கட்டு வரை இறங்கியது. அப்புறம் கையை எடுத்து, விரல்களை அகல விரித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்தாய். இறங்கவில்லை.

"பத்து வயசு வரைக்கும் நான் கையாலதான்டா நடந்தேன். மணலு எனக்குத் தெரியும். உன் டயரு முஷ்டி மாதிரி நிக்குது. அதக் கை விரிக்க விடு. காத்தைப் புடுங்கு."

அப்போதும் நான் தலையாட்டினேனா? இல்லை. காற்றில்லாமல் ஓட்டினால் டயர் கிழியும், டியூப் நசுங்கும், ரிம் வளையும் என்று அழுதுகொண்டே பாடம் நடத்தினேன். "டயரு போனா போவுதுடா சாமி. எனக்கு இன்னைக்கி விட்டா வேற நாளு இல்ல" என்றாய். அப்போதுதான் உன் குரல் உடைந்தது. அந்தப் பதினைந்து நாளில் அந்த ஒரு தடவைதான். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி என் கையில் வைத்தாய்.

அந்த ஊசியால் வால்வை அழுத்தினேன். புஸ்ஸென்று அந்த நாற்றம் வந்தது. என் தொழிலையே யாரோ பிடுங்கி ஊற்றுவது போலிருந்தது எனக்கு. நீ டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தையில் அழுத்திப் பார்த்தாயே, அதே மாதிரி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, "இன்னும், இன்னும்" என்றாய். டயர் இரண்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மணலில் பரவி உட்கார்ந்தன. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வழித்துவிட்டு, உன்னைத் தூக்கிச் சீட்டில் வைத்தேன். நீ கம்பியை இழுத்தாய்.

வண்டி நகர்ந்தது. புதையவில்லை. பட்டன் இருந்தால் மணலைத் தோண்டியிருக்கும், மொட்டை டயருக்குத் தோண்டத் தெரியவில்லை. மணல்மேல் படுத்துப் படுத்துப் போயிற்று. நான் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ கரையேறி அவரைத் தாண்டிக்கொண்டிருந்தாய். "நிறுத்தினா பொதைஞ்சிடுங்க சார், பள்ளிக்கூடத்துல பாக்கலாங்க" என்று நீ கத்திக்கொண்டே போக, அவர் குடையை மடக்கிக்கொண்டு உன் பின்னால் ஓடினார். வெற்று உடம்போடு நான் அவர் பின்னால் ஓடினேன். மணி மூன்றேகாலுக்குக் கையெழுத்துப் போட்டாய், நீயாகவே வந்து சேர்ந்தாய் என்று அவரும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆற்றின் நடுவில் என் சட்டை பாதி புதைந்து கிடந்தது. அதை எடுத்து உன் மடியில் போட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் துழாவினேன், கடிதம் இல்லை. மணலோடு போயிற்று, மாதா காப்பாற்றினாள் என்று பெருமூச்சு விட்டேன். அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இருபத்து நாலு வருஷம் நீ அந்த ஆற்றைத் தாண்டினாய். இக்கரையில் காற்றை இறக்குவாய், அக்கரையில் கைப்பம்பால் அடிப்பாய், சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. ஆற்றில் தண்ணீர் வந்தால் வடிகிற வரை கரையில் காத்திருப்பாய். அந்த ஊருக்குப் பாலம் வந்தது நீ ஓய்வு பெற்ற பிறகுதான். உன் தோள் இரண்டும் ஆம்பளைத் தோள் மாதிரி ஆகிவிட்டன. உனக்குப் பயமே வந்ததில்லையா என்று ஒரு தடவை கேட்டேன். "பயந்தா ஆவுமாடா" என்றாய். நானும் நம்பினேன். பயந்தவன் நான் ஒருத்தன்தான், நம்பிக்கை விட்டவன் நான் ஒருத்தன்தான் என்று உள்ளுக்குள் குறுகிக்கொண்டே உன் டயர்களை மாற்றிக் கொடுத்தேன். மொட்டை டயராகப் பார்த்துப் பார்த்துத்தான்.

நேற்று, பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். உத்தரவுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. மடிப்பில் இன்னும் நாலு மணல்துகள் இருக்கிறது, அக்கா. ஒரு பக்கத்தில் உன் முத்து முத்தான எழுத்து: தார் ரோடு பதினாறு. மண் ரோடு பன்னிரண்டு. ஈர மணல் ஒன்பது. ஆத்து மணல் ஏழு. எந்த இடத்துக்கு எவ்வளவு காற்று என்ற கணக்கு. திருப்பினேன். மறு பக்கத்தில் என் எழுத்து. மதிப்பிற்குரிய ஐயா.

அன்றைக்கே எடுத்துவிட்டாய். மடியில் சட்டையை வைத்துக்கொண்டு வந்தாயே, அப்போதே படித்துவிட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, அதைத் தாங்கிக்கொள்வேன். கையெழுத்துக்கு நான் விட்டிருந்த இடத்தில் தாள் ஏதோ தேய்ந்த மாதிரி இருந்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சிலால் உன் பெயர். அழித்திருக்கிறாய். அதன்மேல் மறுபடியும் உன் பெயர், மறுபடியும் அழித்திருக்கிறாய். எத்தனை தடவை என்று தெரியவில்லை, தடத்தின்மேல் தடமாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் தாள் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது.

எந்தக் காலையில் அக்கா? எந்த மழையில்? கூப்பிடுகிற தூரத்தில்தானே நான் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. ஒன்றும் செய்திருக்கமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். நாம் இரண்டு பேரும் ஒரே தாளை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நீ கையெழுத்துப் போட்டுவிட்டு, அழித்துவிட்டு, தாளைத் திருப்பி ஏழு பவுண்டு என்று பார்த்துக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறாய். எனக்கு அந்த அழிக்கிற சாமர்த்தியம் கிடையாது. கடையைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இந்த ஒரு மாதமாகத் தோன்றுகிறது.

டிராக்டர்காரர் இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சக்கரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எழுந்து போக வேண்டும். தாளை அதே நான்கு மடிப்பில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை சட்டையைக் கழற்றமாட்டேன், அக்கா.